கச்சேரி நடுவே தடங்கல் வந்தால் தாளம் யார் கையில்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வாய்ப்பாட்டுக் கச்சேரி. சரணம் பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பாடகர் நிறுத்திவிட்டார், மிருதங்கம் நிற்கவில்லை, வயலின்காரர் யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் வில்லை எடுத்துவிட்டார். ஜெனரேட்டர் ஓடியதும் ஆளுக்கொரு இடத்தில் எடுத்தார்கள். அடுத்து எங்கள் ஊர்த் திருவிழாவிலும் கச்சேரி வைத்திருக்கிறோம், கடற்கரையை ஒட்டிய திறந்த மேடை, இதுபோல நடந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பாட்டு கெட்டதற்குக் காரணம் கரண்ட் அல்ல. கரண்ட் போன அந்த நொடியில் தாளம் யார் பொறுப்பு என்று மேடையில் யாருக்கும் தெரியவில்லை, அதுதான் காரணம். தந்தி அறுந்தாலும், மழை வந்தாலும், ஊர்வலம் குறுக்கிட்டாலும் இதே கதைதான். தாளத்தை ஒருவர் விடாமல் பிடித்திருந்தால் மற்றவர்கள் நிற்கலாம், தந்தி மாற்றலாம், தண்ணீர் குடிக்கலாம், பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டாலோ, ஆளுக்கொரு தாளம் போட்டாலோ திரும்பச் சேர வழியே இல்லை.

ஆகவே முதல் வேலை, மேடை ஏறுவதற்கு முன் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஐந்து நிமிடம் பேசி இரண்டு மூன்று சைகைகளை முடிவு செய்துகொள்வது. உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் அடுத்த சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், எல்லாரும் நிற்க வேண்டும். விரலால் வட்டமிட்டால் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். மிருதங்கத்தை நோக்கிக் கையை நீட்டினால் தாளம் இனி அவர் பொறுப்பு, மற்றவர்கள் ஒதுங்கலாம். சைகை எதுவாகவும் இருக்கலாம், எல்லாருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒன்றாகப் பல ஆண்டுகள் வாசித்தவர்களுக்குக் கண் ஜாடையே போதும். கோயில் கச்சேரிகளில் பாடகர் ஓர் ஊர், மிருதங்கம் ஓர் ஊர், கடம் கடைசி நேரத்தில் கிடைத்தவர் என்றுதான் பெரும்பாலும் அமைகிறது. அவர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் மிகவும் தேவை.

இரண்டாவது, விழாக் கமிட்டியிலிருந்து ஒரே ஒருவர் மேடையின் பக்கவாட்டில் கையில் டார்ச்சோடு கடைசி வரை இருக்க வேண்டும். கலைஞர்களிடம் ஏதாவது சொல்வதென்றால் அவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். கரண்ட் போனதும் நாலு பேர் மேடையேறி நாலு விதமாகச் சொல்வதில்தான் பாதிக் குழப்பம்.

இனி கரண்ட் விஷயம். பாட்டின் எந்த இடத்தில் போகிறது என்பதைப் பொறுத்து செய்ய வேண்டியது மாறும். ஆலாபனையில் போனால் தாளக் கவலை இல்லை. ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ வந்து நின்றுவிட்டால் போதும், கரண்ட் வந்ததும் அதே ஸ்வரத்தில் தொடங்கலாம். ஆனால் கரண்டோடு மின்சாரச் சுருதிப்பெட்டியும் நின்றிருக்கும். சுருதி இல்லாமல் அரை நிமிடம் இருந்தாலே குரல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ போய்விடும். அதுவரை வயலின்காரர் ஷட்ஜத் தந்தியையும் பஞ்சமத் தந்தியையும் சேர்த்து நீளமாக இழுத்துக்கொண்டிருந்தால் சுருதி காதில் நிற்கும். சுருதிப்பெட்டிக்கு பேட்டரி போட்டு வைத்திருந்தால் இதுகூடத் தேவையில்லை. கைபேசியில் தம்புரா வைப்பவர்கள் அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். ஓர் அழைப்பு வந்தால் சுருதி அறுந்துவிடும்.

கீர்த்தனையின் நடுவில் போனால் பாடகர் கையை நிறுத்தக் கூடாது. குரல் எட்டாவிட்டாலும் தாளம் போடும் கை தொடர வேண்டும். ஆதி தாளம் இரண்டு களையில் (ஒவ்வோர் அடியையும் இரட்டித்து), சௌக்கமாக, அதாவது மெதுவாகப் பாடினால் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஏறக்குறைய 15 விநாடி ஓடும். ஜெனரேட்டர் பக்கத்தில் ஆள் தயாராக இருந்தால் மூன்று நான்கு ஆவர்த்தனத்துக்குள் கரண்ட் வந்துவிடும். அதுவரை மிருதங்கம் மெதுவாக சர்வலகு என்னும் எளிய, ஓட்டமான நடையை வாசித்துக்கொண்டிருந்தால் போதும், பாட்டு உயிரோடு இருக்கும். இருட்டில் மிருதங்கக்காரருக்குப் பாடகரின் கை தெரியாது. அதனால் பேட்டரியில் எரியும் ஒரு சின்ன எல்.இ.டி விளக்கைப் பாடகரின் தொடைமேல் வெளிச்சம் விழும்படி மேடையில் முன்பே எரியவிட்டு வைக்க வேண்டும். கரண்ட் போன பிறகு தேடி எடுக்கிற விளக்கால் பயன் இல்லை. முகத்துக்கு வெளிச்சம் தேவையில்லை, கைக்குத்தான் தேவை.

திரும்ப எடுப்பது பல்லவியின் எடுப்பிலிருந்து, அதாவது அது தொடங்கும் இடத்திலிருந்துதான். விட்ட வார்த்தையிலிருந்து சரணத்தைத் தொடர முயல்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. சமத்திலிருந்து தள்ளி எடுக்கிற பாட்டானால் இது இன்னும் கெடுதல், ஒவ்வொருவரும் ஓர் அரை இடம் தவறி எடுப்பார்கள். பல்லவியின் எடுப்பு எல்லாருக்கும் மனப்பாடம். ஒருமுறை பல்லவியைப் பாடி, அது சேர்ந்த பிறகு சரணத்தின் தொடக்கத்துக்குப் போகலாம். கேட்பவர்களுக்கும் அது இயல்பாகவே இருக்கும்.

தனி ஆவர்த்தனத்தின்போது, அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும்போது, கரண்ட் போனால் எதுவும் செய்ய வேண்டாம், தொடருங்கள். தோல் வாத்தியத்துக்கு மின்சாரம் தேவையில்லை. 200 பேர் வரை உட்கார்ந்திருக்கும் இடத்தில் மிருதங்கமும் கடமும் மைக் இல்லாமலே கேட்கும். பாட்டு நடுவில் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்கிறது என்றால் பாடகர் அங்கேயே தனியைக் கொடுத்துவிடலாம். மிருதங்க வித்வான் ராமநாதபுரம் முருகபூபதியின் வாசிப்பு ஒலித்த சீமை இது, தனியை உட்கார்ந்து கேட்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது.

மைக்செட்காரர் செய்ய வேண்டியது வேறு. கரண்ட் போனவுடன் அவர் முதலில் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்து, மிக்ஸரில் மொத்த ஒலியளவுக்கான மாஸ்டரைக் கீழே இறக்க வேண்டும். அப்படியே விட்டால் கரண்ட் வரும்போது ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் அடி விழும். கூட்டம் திடுக்கிடுவதோடு ஸ்பீக்கரில் ஒலி எழுப்பும் பாகமான டிரைவரும் போகக்கூடும். போடும்போது மிக்ஸர் முதலில், ஆம்ப்ளிஃபயர் கடைசியில். நிறுத்தும்போது இதற்கு நேர்மாறு. டிஜிட்டல் மிக்ஸரானால் கரண்ட் வந்த பிறகும் அது எழுந்து வரச் சிறிது நேரம் பிடிக்கும். கரண்ட் வந்துவிட்டது, பாடுங்கள் என்று கமிட்டிக்காரர்கள் அவசரப்படுத்துவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மிக்ஸருக்கும் சுருதிப்பெட்டிக்கும் மட்டும் ஒரு 600 வி.ஏ யு.பி.எஸ் வைத்தால் இந்தத் தாமதமே இருக்காது. ஆம்ப்ளிஃபயரை அந்த யு.பி.எஸ்ஸில் போடக் கூடாது, தாங்காது. கண்டென்சர் மைக்குகளுக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். அது தடைப்பட்டால் அவை செத்துவிடும். ஆகவே பாடகருக்கு அந்த 48 வோல்ட் தேவைப்படாத டைனமிக் மைக் வைப்பது திறந்த மேடையில் பாதுகாப்பு.

தயார் என்றதும் "ஹலோ ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" வேண்டாம். மிருதங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது தாளத்தின் மேல் கல்லெறிவது. சுருதிப்பெட்டியின் மைக்கை மெதுவாக ஏற்றினாலே ஸ்பீக்கர் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு பாடகரைப் பார்த்துக் கையைத் தூக்கினால் போதும்.

ஜெனரேட்டரைப் பற்றி இரண்டு விஷயம். லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வயரைப் பிடுங்கிச் செருகும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவே கூடாது. லைன் கரண்ட் திரும்பி வந்து ஜெனரேட்டரோடு மோதினால் ஆள் சாகும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் உடனே சுமையை ஏற்றக் கூடாது. மீட்டரில் 230 வோல்ட் நிலையாக நிற்கும் வரை பொறுத்து, முதலில் விளக்கு, அப்புறம் மிக்ஸர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர் என்று ஏற்ற வேண்டும். மேடையில் சில விளக்குகள் திடீரென்று பிரகாசமாகி, வேறு சில மங்கினால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் போனால் ஒரு பக்கத்துக்கு 400 வோல்ட்டை நெருங்கிப் பாயும். அப்போது யோசிக்காமல் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும். உப்புக்காற்று பட்ட இணைப்புகள் களிம்பு பிடித்துத் தளர்வதால் நம் கடற்கரையில் இது அரிதான விஷயம் அல்ல. மாலையில் வயரிங் முடிந்ததும் எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரல் ஸ்க்ரூவை ஒருமுறை கூடுதலாக முறுக்கச் சொல்லுங்கள்.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த மணலில் இரும்புக் கம்பியை மேலோட்டமாக அடித்துவிட்டு எர்த் என்கிறார்கள். ஈர மணல் எட்டும் ஆழம் வரை கம்பி போக வேண்டும், இல்லாவிட்டால் அது எர்த் ஆகாது. பாடகரின் உதட்டில் மைக் பட்டதும் சுருக்கென்றால் அதைச் சகித்துக்கொண்டு பாடக் கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்தி, மெயினை இறக்கி, எர்த்தைச் சரிபார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். இந்தப் பதில் முழுவதிலும் தாளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே நிறுத்த வேண்டிய இடங்களில் இது ஒன்று. மின்கசிவு ஏற்பட்டதும் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றை மேடைக்குப் போகும் லைனில் போட்டுவிடுங்கள்.

காற்று நம் பக்கத்துக்கே உரிய தொந்தரவு. ஆனி, ஆடியில் மண்டபம், பாம்பன் பக்கம் கச்சான் காற்று அடிக்கும்போது மைக்கில் இடிபோல ஓயாமல் ஒரு சத்தம் வரும். மைக்குக்குத் தடிமனான ஸ்பாஞ்ச் உறை போட்டு, மிக்ஸரில் பாடகரின் மைக்குக்கும் வயலின் மைக்குக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பெரும்பகுதி அடங்கும். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் மைக்கில் அவ்வளவு வெட்டக் கூடாது, கும்கி என்னும் ஆழ்ந்த ஒலியே போய்விடும். பாடகர் வழக்கமாக ஒரு சாண் தூரத்தில் பாடுகிறார் என்றால் காற்றுள்ள நாளில் நான்கு விரற்கடைக்கு நெருங்கி வர வேண்டும். குரலின் அளவு கூடுவதால் மைக்கின் ஏற்றத்தைக் குறைக்கலாம், காற்றுச் சத்தமும் அதோடு குறையும். ஊளைச் சத்தம் வந்தால் பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்தக் கூடாது, பொத்தினால் அதிகமாகும். கலைஞர்கள் கேட்பதற்காக மேடையில் வைத்த ஸ்பீக்கரான மானிட்டரை மைக்செட்காரர் குறைப்பதுதான் சரி. அவர் கூட்டத்தை நோக்கிய ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டால் கூட்டத்துக்குக் கேட்காமல் போகும், ஊளையும் முழுதாக நிற்காது.

மேடைக்குப் பின்னால் கட்டும் பெரிய பிளக்ஸ், காற்றுக்குப் பாய்மரம் போல இழுக்கும். சவுக்குக் கம்பத்தோடு சாய்ந்தால் கலைஞர்கள் மேல்தான் விழும். பிளக்ஸில் அரைவட்டமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் வெட்டி, காற்றுக்கு வழிவிடச் சொல்லுங்கள். படம் கெடுகிறதே என்று கமிட்டி தயங்கினால் பிளக்ஸைச் சிறியதாக அடிக்கட்டும். பாடல் தாள்களைக் கிளிப் போட்டு வையுங்கள், பறந்த தாளைப் பிடிக்கப் போன கையால்தான் தாளம் போட வேண்டும். மழை விட்ட இரவில் வெள்ளை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்துப் பாடகரின் வாய்க்குள் போகும். மேடைக்கு மேலே மஞ்சள் விளக்கைப் போட்டு, வெள்ளை விளக்குகளைக் கூட்டத்தின் பக்கம் தள்ளி வைத்தால் பூச்சி அங்கே போய்விடும்.

வாத்தியங்களுக்கு வருவோம். வயலினில் அறுவது பெரும்பாலும் மெல்லிய மேல் பஞ்சமத் தந்தி. எஃகுத் தந்தி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். கச்சேரிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே புதுத் தந்தி போட்டுவிட வேண்டும். அன்றைக்கே போட்டால் இழுத்துக்கொண்டே போகும், சுருதி நிற்காது. மேடையில் அறுந்தால் வயலின்காரர் நடு ஷட்ஜத் தந்தியில் கையை மேலே நகர்த்தி அந்தப் பாட்டை முடித்துவிடலாம், தேர்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான். அந்த நேரத்தில் பாடகர் கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) தொடங்கி அவரைச் சோதிக்கக் கூடாது. ஸ்வரத்தின் நடுவிலேயே அறுந்தால் பாடகர் இரண்டு மூன்று ஆவர்த்தனம் தானே பாடி, ஒரு சின்னக் கோர்வையோடு (முடிப்புக் கணக்கோடு) பல்லவிக்கு வந்துவிட வேண்டும். பாட்டு முடிந்ததும் தந்தி மாற்ற இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதைப் பேசி நிரப்பாமல் ஒரு விருத்தம் பாடலாம். தாளம் இல்லை, வயலின் இல்லாமலும் நிற்கும், ஊரின் சாமி பேரில் ஒன்று பாடினால் கூட்டம் நகராது. தந்தி மாற்றும்போது ஒரே நேரத்தில் இரண்டைத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்துவிடும். தந்தியை முறுக்கும் பிரடை நழுவினால் சாக்பீஸ் பொடி தடவினால் பிடிக்கும். புதுத் தந்தி அடுத்த இரண்டு பாட்டிலும் இறங்கும். பாடகர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் சரிசெய்ய நேரம் கொடுக்க வேண்டும்.

மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலை ஈரக் காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும். மாலை 6 மணிக்கு உள்ளே அறையில் சுருதி சேர்த்துவிட்டு 7 மணிக்குத் திறந்த மேடையில் வைத்தால் இறங்கியிருப்பது நிச்சயம். அரை மணி முன்பே மேடையில் வைத்து, அந்தக் காற்றிலேயே சுருதி சேர்ப்பதுதான் வழி. பாட்டின் நடுவே இறங்கினால் கல்லை எடுத்துத் தட்டத் தொடங்க வேண்டாம், தட்டும் சத்தம் முழுவதும் மைக்கில் போகும். சுருதி தெரியும்படி ஒலிக்கும் சாப்பு என்ற அடியைக் குறைத்துக்கொண்டு பாட்டை முடித்து, அடுத்த பாட்டின் ராக ஆலாபனை தொடங்கும்போது மைக்கைத் திருப்பி வைத்துத் தட்டிச் சேர்க்கலாம். இடது பக்கத் தொப்பிக்கு வைத்த ரவை கடற்காற்றில் சீக்கிரம் காய்ந்து உதிரும். பிசைந்த ரவையை மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் பக்கத்திலேயே வைத்திருங்கள், விரலால் தண்ணீர் தொட்டுத் தடவினாலே பல நேரம் போதும். நனைந்த தோலை ஹாலஜன் விளக்குக்கு எதிரே காட்டி உலர்த்துவது கெடுதல். ஒரு பக்கம் மட்டும் இறுகும், நடுவிலுள்ள கருப்பு வட்டமான கரணை வெடிக்கும். தோல் கிழிந்தேவிட்டால் தாளம் கடத்துக்குப் போக வேண்டும். மானாமதுரைக் கடம் கேட்டுத்தான் நாடெங்கும் வாங்குகிறார்கள், அது நமக்குப் பக்கத்து ஊர். உபபக்கவாத்தியம் வேண்டாம் என்று செலவு பார்க்கும் கமிட்டிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். இசைக்கு அழகு என்பது ஒருபுறம், மிருதங்கம் படுத்துவிட்டால் கச்சேரியைக் கொண்டுபோக இன்னொருவர் இருக்கிறார் என்பது அதே அளவு முக்கியம்.

நாதஸ்வரக் கச்சேரியில் வாயில் வைத்து ஊதும் சீவாளிதான் சிக்கல். காற்றில் காய்ந்தோ வாய் பிளந்தோ ஒலி கம்மும். அதனால்தான் வாத்தியத்தின் மேல் பக்கத்தில் மாற்றுச் சீவாளிகளைக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது நாதஸ்வரக்காரர் உடனே பிடியை வாங்கிக்கொள்வது அங்கே பரம்பரை வழக்கம், தவில் நிற்காது. வாய்ப்பாட்டுக்காரர்கள் கற்க வேண்டிய ஒழுங்கு அது.

மெல்லிசைக் குழுக்களில் லேப்டாப்பிலிருந்து டிராக் (முன்பே பதிவு செய்த இசை) ஓடுகிறது. அது நின்றால் டிரம்ஸ்காரர் அதே வேகத்தில் தொடர வேண்டும், பேஸ் கிடார் அவரோடு, பாடகர் பல்லவிக்கு. டிராக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்டிச் சேர முயலவே கூடாது.

தடங்கல் என்று பலர் சொல்வதில் பாதி முன்பே தெரிந்தவை. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையில் கோயிலும் பள்ளிவாசலும் பல இடங்களில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மஃரிப் (மாலைத் தொழுகை) பாங்கு சூரியன் மறைந்ததும் வரும், இஷா (இரவுத் தொழுகை) அதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கழித்து. சரியான நேரம் பள்ளிவாசல் பலகையிலேயே எழுதியிருக்கும், ஜமாஅத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பாடகர் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு ஒரு பாட்டு முடிகிற மாதிரி வரிசை போட்டால் நிறுத்தவே தேவையில்லை. அந்த நான்கைந்து நிமிடத்தில் தண்ணீர் குடிக்கலாம், சுருதி சேர்க்கலாம். கணக்குத் தவறிப் பாட்டின் நடுவே பாங்கு தொடங்கினால் அந்த ஆவர்த்தனத்தை முடித்து சமத்தில் நிற்க வேண்டும், மாஸ்டரை இறக்க வேண்டும், சுருதிப்பெட்டியையும் அடக்க வேண்டும். வரியின் நடுவில் வெட்டென்று நிறுத்தினால் யாரோ அதட்டி நிறுத்தியது போலத் தோன்றும். சமத்தில் நிறுத்தினால் மரியாதையாக இருக்கும். தங்கச்சிமடம், பாம்பன், ஓரியூர்ப் பக்கம் தேவாலய மணிக்கும் திருப்பலி நேரத்துக்கும் இதே கணக்கு. மண்டபம் அருகே ரயில் பாதையை ஒட்டிய மேடையானால் ரயில் நேரத்தையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். ஹார்ன் உங்கள் சுருதியில் ஒலிக்காது, அந்த நேரத்தில் ஆலாபனை வேண்டாம்.

சாமி புறப்பாடு வேறு வகை. நாதஸ்வரமும் தவிலும் மேடைக்குப் பக்கத்தில் வரும்போது இரண்டு சுருதி, இரண்டு தாளம் மோதும், எவ்வளவு தேர்ந்தவரானாலும் தாளம் தடுமாறும். சாமிக்கு முன்னால் வாசிக்கிறவர்களுக்குத்தான் முதலிடம். தவில் சத்தம் தெருமுனையில் கேட்கத் தொடங்கும்போதே பாட்டை முடிக்கும் பக்கம் திரும்பி, சாமி வரும்போது மேடையில் எழுந்து நின்று, கடந்த பிறகு புதுப் பாட்டு தொடங்குவதுதான் முறை. விட்டதைத் தொடர வேண்டாம், காதில் வேறு சுருதி ஏறியிருக்கும்.

மழை, ஐப்பசி கார்த்திகையில் முன்னறிவிப்பில்லாமல் கொட்டும். முதல் சொட்டு விழுந்ததும் எல்லாரும் மைக்கையும் ஸ்பீக்கரையும் தூக்க ஓடுவார்கள், அதுதான் ஆபத்து. முதலில் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், அதன் பிறகுதான் எதையும் தொட வேண்டும். மிருதங்கமும் வயலினும் உறைக்குள் போகட்டும், மற்றவற்றின் மேல் பிளாஸ்டிக் தாள். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொங்கினால் கீழிருந்து கழியால் குத்தித் தள்ளுவதற்கு முன் அடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் இரும்பு மேடையிலும் பந்தலிலும் யாரும் இருக்கக் கூடாது, சுவர் சூழ்ந்த கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் கச்சேரியைக் கூரையுள்ள ஒரு மண்டபத்துக்குள் மாற்றுவதை அன்று மதியத்துக்குள் முடிவு செய்யுங்கள். மாலை வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயரிங் மாற்ற நேரம் இருக்காது.

கூட்டத்திலிருந்து வரும் குறுக்கீடுகளில், பாட்டு கேட்டு வரும் துண்டுச்சீட்டு, பொன்னாடை, பிரமுகர் வருகை எல்லாம் பாட்டு முடியும் வரை காத்திருக்கும். அதைப் பார்த்துக்கொள்வது டார்ச்சோடு நிற்கும் அந்தக் கமிட்டிக்காரர் வேலை. குழந்தை காணோம் என்றாலோ, யாராவது மயங்கி விழுந்தாலோ அப்படி இல்லை, உடனே நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். குழந்தையின் சட்டை நிறம், வயது, எங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று மூன்றும் ஓர் அறிவிப்பில் வரட்டும். மயங்கியவருக்குக் காற்று வர வழிவிடச் சொல்லி, வெளிச்சத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, 108க்கு ஒருவர் மட்டும் பேசட்டும். ஆம்புலன்ஸ் வரும் பாதையில் நிற்கும் வண்டிகளை எடுக்கச் சொல்ல மைக்தான் சிறந்த கருவி.

பாடகருக்கு வரிகள் மறந்துபோவதும் இருமல் வருவதும் மேடைக்குள்ளேயே முடிய வேண்டியவை. மறந்தால் முந்தைய வரியின் சங்கதியை இன்னொரு முறை பாடுங்கள், அதற்குள் வரி வந்துவிடும், அல்லது பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுப்பார். இருமல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் தாளம் போடுங்கள், வயலின் அந்த வரியை வாசிக்கும். குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் பிளாஸ்கில் இருக்கட்டும்.

கடைசியாக, இழந்த நேரத்தை எங்கே ஈடு கட்டுவது என்பது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவுக்கென்று தனி அனுமதி இருந்தால் வேறு. கரண்டும் மழையும் சேர்ந்து அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டால் பலர் செய்வது, எல்லாவற்றையும் அவசரமாகப் பாடி முடிப்பது. காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், கூடினால் கச்சேரியே பாழ். கூட்டாமல் உருப்படிகளைக் குறையுங்கள். ராமநாதபுரம் சமஸ்தான வித்வான் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் பயின்ற அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்திய கச்சேரி பத்ததி (கச்சேரியின் அமைப்பு முறை) இதற்கு இடம் கொடுக்கிறது. வர்ணம், சில மத்தியமகாலக் கிருதிகள், ஒரு முக்கிய உருப்படி, தனி, பிறகு துக்கடாக்கள் (சின்னப் பாட்டுகள்) என்ற அந்த வரிசையில் நடுவில் ஒன்றிரண்டு கிருதிகளை எடுத்துவிட்டாலும் கட்டு குலையாது. முக்கிய உருப்படியில் நிரவலை (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதை) சுருக்கலாம், ஸ்வரத்தைக் குறைக்கலாம். தனியை ஐந்து நிமிடமாகவாவது வைத்திருங்கள். இருட்டில் தாளத்தைப் பிடித்துக் கச்சேரியைக் காப்பாற்றியவர்களுடைய இடத்தை வெட்டுவது நியாயம் இல்லை. 9.45க்கு எங்கே இருந்தாலும் பாட்டை முடித்து மங்களத்துக்குப் போக வேண்டும், நன்றியுரையை மங்களத்துக்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லாமலும் சொல்லிக்கொள்ளலாம்.